அம்மாவின் சப்பைப் பாட்டில்

ஏற்காடு ஏரிப் பக்கம் கடை போட்டிருக்கிறவர்கள் "எஸ்டேட் பாட்டிலுங்க, நாகலூர்ல தோண்டி எடுத்தது" என்று சொன்னால் அதில் பொய் இல்லை. நாகலூரில் தோண்டித்தான் எடுத்திருப்பார்கள். புதைத்தது யார் என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. அதைக் கேட்காத வரைக்கும், அவர்களுக்குச் சரக்குப் போடுகிற என் தம்பி உண்மை பேசுகிறவன்.

நானும் பழைய பாட்டில் விற்றவள்தான். எஸ்டேட்டில் கிழட்டுக் காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி வைக்கக் குழி எடுப்பார்கள். அப்போது பழைய பங்களாக்களின் குப்பைக் குழிகள் திறந்துகொள்ளும். துரைமார் காலி செய்து வீசியதெல்லாம் மேலே வரும்: மருந்து புட்டி, மைப் புட்டி, கோட்டுப் பையில் வைத்துக்கொள்கிற தட்டையான பிராந்தி பாட்டில். அந்தத் தட்டையானதைத்தான் நாங்கள் சப்பைப் பாட்டில் என்போம். நானும் என் வீட்டுக்காரரும் அவற்றை வாங்கி வந்து, வீட்டின் முன்னறையிலேயே வைத்து விற்றோம். வேறு எங்கோ வாங்கியதைக்கூட என்னிடம் கொண்டுவந்து "இது அசலாங்க?" என்று கேட்பார்கள்.

சொல்வதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டாம். அந்தக் காலத்தில் பாட்டிலை அச்சில் ஊதிவிட்டு வாயைத் தனியாகக் கையால் செய்தார்கள். அதனால் பக்கவாட்டில் ஓடுகிற அச்சுக் கோடு கழுத்தோடு நின்றுவிடும். வாய் வரைக்கும் ஏறி வந்தால் இயந்திரத்தில் செய்தது. அசலின் அடியில், தரையைத் தொடுகிற மேட்டில் மட்டும் தேய்மானம் இருக்கும். போலியை உப்புத்தாள் வைத்து ஒரே சீராகத் தேய்த்திருப்பார்கள். பழைய பாட்டிலை அச்செடுத்து நகல் செய்தால் அதன்மேல் புடைத்திருக்கிற எழுத்து மழுங்கிப்போகும். ஆகவே எழுத்து கூர்மையாக இருந்தால் பாதி நம்பலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். என் தம்பியும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

வீட்டுக்காரர் போனபின் நான் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டேன். தம்பி அடிவாரத்தில் ஒரு கொட்டகை பிடித்து மும்முரமாக இறங்கினான். வடக்கே ஏதோ பட்டறையில் செய்த பாட்டில்கள் வைக்கோல் சுற்றி லாரியில் வரும். அவற்றை நாகலூருக்கு ஏற்றி, காபிப் பழத்தோலைக் கொட்டி மக்கவைக்கிற குழியில் ஒரு மழைக்காலம் புதைத்து வைப்பான். எடுத்தால் பார்க்கிறவர் கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்குக் கிழடு தட்டியிருக்கும். பிழைக்கத் தெரிந்தவன் என்று ஊரே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் வரிசையில் உட்காருவான்.

அம்மாவிடம் ஒரு சப்பைப் பாட்டில் இருந்தது. அவள் கல்யாணமாகி எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தபோதே அந்த வீட்டில் கிடந்ததாம். வெளிர் பச்சை நிறம். மாதா கோயில் திருவிழாவில் மந்திரித்த எண்ணெயை அதில்தான் வைத்திருப்பாள். எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் அதிலிருந்து ஒரு சொட்டு நெற்றியில். நகைநட்டு எதுவும் எனக்கு வேண்டாம், அந்தப் பாட்டில் மட்டும் எனக்கு என்று அவளிடமே சொல்லிவைத்திருந்தேன். "எடுத்துக்க கண்ணு, எண்ணெ வெக்காம சும்மா போட்றாத" என்றாள்.

அவளைச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து மாதக்கணக்கில் நான் கூடவே கிடந்தபோது, தம்பி அம்மா வீட்டிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துப் பட்டறைக்கு மாதிரியாக அனுப்பிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வீடு திரும்பாமலே போய்ச் சேர்ந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவனுக்கு. "அம்மாளோடதுங்க்கா. பத்தரமா கொண்டாந்துட்டேன்."

பிரித்தேன். அதே பச்சை, அதே உயரம். அச்சுக் கோடுகூடக் கழுத்தோடு நின்றது, அடியில் மேட்டில் மட்டும் தேய்மானம். எழுத்து ஒவ்வொன்றும் புதிதாக வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தது. அம்மாவுடையதில் எழுத்து தேய்ந்துபோயிருக்கும்.

"இது யாரோடதுடா?"

"அதானுங்க்கா இது. நீங்கதான சொல்லுவீங்க, எழுத்து கூரா இருந்தா அசல்னு. குழியில எல்லாம் ஒண்ணா கலந்துபோச்சு. நொம்பத் தேடிப் பொறுக்கி எடுத்தேன்."

அவன் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மாதிரிக்குப் போன பாட்டில் நகல்களோடு திரும்பி வந்து, அவற்றோடு சேர்ந்து புதைந்து, அவற்றோடு சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. பட்டறைக்காரன் அச்சில் எழுத்தைத் திருத்திச் செதுக்கியிருக்கிறான். நகல்தான் கூர்மை, அசல்தான் மழுங்கல். இவன் கூர்மையானதை எனக்குப் பொறுக்கிக்கொண்டு, தாயின் பாட்டிலை மட்டமான நகல் என்று மற்றதோடு சேர்த்து ஏரிக்கரைக் கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுவிட்டான். ஒரே வீட்டில் ஒரே எண்ணெயை நெற்றியில் வாங்கி வளர்ந்தவன். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து இது நம் வீட்டுடையது என்று சொல்லத் தெரியவில்லை.

"அழுவாதீங்க்கா. எப்படி இருக்கும்னு சொல்லுங்க, நானே கடை கடையாப் போயி தேடித் தாரேன்" என்றான்.

சொன்னேன். பழைய கண்ணாடி வாங்குகிற எவரும் செய்யாத ஒன்றை அம்மா செய்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால், எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்குப் போக, ஒரு பிடி மணலும் புளித்தண்ணீரும் விட்டு மடியில் வைத்துக் குலுக்குவாள். சாமி எண்ணெய் இருக்கிற பாத்திரம் அழுக்காக இருக்கலாமா என்பது அவள் நியாயம். அதனால் எழுத்து ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும், அவள் வலது கை பட்ட பக்கம். உள்ளே, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கீறல்கள் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த எழுத்துகள் தேய்ந்தன என்பதைக்கூட விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பஸ் பிடித்துப் போய் ஏரிக்கரை, வியூ பாயிண்ட் என்று ஒவ்வொரு கடையிலும் பாட்டில்களைச் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். பாதிக் கடைகள்கூட முடிந்திருக்காது. ஒரு நாள் வேறு வேலையாகச் சேலத்துக்குப் போகிற வழியில், ஏதாவது கிடைத்ததா என்று கேட்க அடிவாரத்தில் இறங்கித் தம்பியின் கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே நாலைந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பச்சைப் பாட்டில் மடியில். உள்ளே மணல். குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாருங்க்கா, புது லோடு. நீங்க சொன்னமாரியே ஒரு பக்கம் தேச்சாச்சு. உள்ள கீறலும் உளுந்துருச்சு. போன வாரமே கொஞ்சம் மேல ஏரிக்கரைக்கு அனுப்பிட்டேன், கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அம்மாளோடது?"

"தேடிட்டுத்தானுங்க இருக்கேன். கெடைக்காமப் போயிருமா?"

அன்று சேலத்துக்குப் போகவில்லை. திரும்ப மலை ஏறி நேராக ஏரிக்கரையில் இறங்கினேன். முதல் கடையில் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். எழுத்து ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, உள்ளே கீறல்கள் இருந்தன. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அசல் எது என்று சொன்னவள், அங்கே ஒன்றை வைப்பதும் ஒன்றை எடுப்பதுமாக நின்றேன்.

"எல்லாம் ஒரே அயிட்டம்தானுங்க்கா" என்றார் கடைக்காரர். "எதையாச்சும் ஒண்ணு எடுத்துக்குங்க."