மூன்றாம் மாடியில் ஒரு மருத்துவ ஆலோசனை

பினாங்கில், கெலுகோரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்று உண்டு. பால்வினை நோய்ச் சோதனைக்கு மருத்துவரைப் பார்த்தது அங்கேதான். மதிய உணவு நேரத்தில், மூன்றாம் மாடியில் நிறுத்தியிருந்த காருக்குள், கைப்பேசியில். ஒரு வாரமாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டருகிலேயே கிளினிக் இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் எனக்கு முன்வரிசையில் பூசை காண்பவள்.

திரையில் வந்த மருத்துவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் பெயரோடு சேர்ந்த அப்பாவின் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, தமிழ்லயே பேசலாம்லா. ஓகேவா?”

எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அக்கா என்று கூப்பிடுகிறவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவருக்கும் அதே தொல்லை போலிருக்கிறது. யாருடன், எத்தனை பேர் என்று கேட்க வேண்டியவர் தொண்டையைச் செருமினார்.

“வீட்டுக்காரரு வெளிய... அந்த மாதிரியாக்கா?”

நான் பேசவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

“அழாதீங்கக்கா. உங்க மேல தப்பில்ல.”

நான் அழவேயில்லை. என் கணவர் பத்து காவான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை, வீடு, கோயில் தவிர வேறு வழி தெரியாதவர். அவரைக் குற்றவாளியாக்க நான் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அந்தச் சில நொடிகள் நிம்மதியாகத்தான் இருந்தன. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“நாள் கணக்கு முக்கியம்க்கா. அத வச்சிதான் எந்த டெஸ்ட்னு சொல்ல முடியும். அவரு எப்ப போனாருன்னு தெரியுமா?”

அவர் போகாத இடத்துக்கு நான் என்ன தேதி சொல்வது?

“அவரு போகல. நான்தான். மூனு வாரம் ஆச்சு.”

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட நான் சொல்லாதது அது. மருத்துவர் குனிந்து எதையோ தட்டினார். நிமிர்ந்தபோது ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார். நான் மேடம் ஆகியிருந்தேன். விட்டுப்போன கேள்விகளை வரிசையாகக் கேட்டார், நானும் தடங்கலில்லாமல் பதில் சொன்னேன். எந்த லேப்புக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்ற விவரம் உடனே கைப்பேசிக்கு வந்தது.

வியாழக்கிழமை முடிவு தெரிந்தது. கிளமிடியா. ஒரு வார மாத்திரையில் குணமாகும், கணவரும் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை இரண்டு பேருக்குமான மாத்திரைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர்கிட்ட என் மேலதான பழியப் போட்ட?”

“இல்லங்க.”

மற்ற எல்லாவற்றையும் நம்பினார். இதை மட்டும் நம்பவில்லை.