பலகைக்கு வந்த வெளிச்சம்

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரிக்குள் இருந்த ஒரு மீனவக் குப்பத்தில் நான் நர்ஸாக இருந்தேன். பழவேற்காட்டிலிருந்து படகில்தான் போக வேண்டும். ஊருக்கு மின்சாரம் வரவில்லை. துணை சுகாதார நிலையம் என்ற ஓட்டுக் கட்டடத்தின் ஓர் அறையில் நான் வேலை பார்த்தேன், மற்றோர் அறையில் குடியிருந்தேன்.

ஒருநாள் இரண்டு பேர் படகில் கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்து கூரைமேல் பொருத்தினார்கள். அது வெயிலை வாங்கி பேட்டரியில் சேர்க்கும் என்றார்கள். வாசலில் நிலையத்தின் பெயர் எழுதிய பலகைக்கு மேலே ஒரு குழல்விளக்கு மாட்டினார்கள். பொழுது சாய்ந்து அது எரிந்தபோது ஊரே கூடி நின்றது. மறுநாள் முதல் ஆண்கள் அதன் கீழே வலை பின்ன உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருத்தி வரவில்லை என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. கருவாடு காயவைத்து விற்பவள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் காசநோய் என்று கண்டுபிடித்து, ஊசியை என்னிடம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எப்போதும் விளக்கு வைக்கிற நேரம் கழித்து, முக்காடு போட்டுக்கொண்டு இருட்டோடு இருட்டாக வருவாள். இரண்டு வாரமாக ஆளைக் காணோம்.

தேடிப் போனேன். மணலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இருமல் கூடியிருந்தது.

"ஏம்மா வரல? ஊசிய நடுவுல விட்டா நோய் திரும்பிடும்னு சொன்னேனே."

சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அந்த லைட்டு எரியச்சொல்லோ எப்டிம்மா வர்றது? ஊரே அங்க குந்திக்கினு கீது. எம் பொண்ண சுண்ணாம்புக்குளத்துல கேட்டுக்கினு கீறாங்க. ஆத்தாளுக்குக் காசம்னு தெரிஞ்சா அவள யாரு கட்டுவான்?"

"நான் வீட்டுக்கு வந்து போடட்டுமா?"

"மாமியாகாரி கீதேம்மா."

அன்று மாலை விளக்கைப் போடவில்லை. அவளும் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் காலையிலேயே ஊர்த் தலைவர் வந்துவிட்டார்.

"இன்னா நர்சம்மா, நேத்து போர்டு எரியல? கெட்டுப்பூட்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது. சட்டென்று ஒன்று தோன்றியது. "இல்லண்ணே, நான்தான் போடல. ஊர்ல இருக்கறவங்களுக்கு இந்த இடம் தெரியும். வெளியூர்லேர்ந்து படகுல வர்றவங்கதான் தடுமாறுறாங்க. போர்டு படகுத்துறையில இருந்தா நல்லதில்லையா?"

அவர் ஏரிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அக்கரைலேர்ந்தே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப நம்ம ஊரு எதுனு எவனும் கேக்கமாட்டான்," என்றார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது.

விளக்கு மாட்டிய இருவரில் ஒருவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது முதலில் தயங்கினார். கம்பி அத்தனை தூரம் இழுத்தால் வெளிச்சம் குறையும், தகட்டையும் பேட்டரியையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். தலைவர் ஆட்களை வைத்துத் துறையில் சவுக்குக் கம்பங்கள் நட்டுக் கொடுத்தார். பலகை விளக்கோடு துறைக்குப் போனது. கீழே ஓர் அம்புக்குறியும் ஊர்ப் பெயரும் எழுதிச் சேர்த்தோம். வலை பின்னுகிறவர்களும் பிள்ளைகளும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். என் வாசலில் பழையபடி அரிக்கேன் மட்டும் மினுங்கியது.

அவள் கடைசி ஊசிவரை வந்தாள். மாத்திரைகளையும் விடாமல் முடித்தாள். உடம்பு தேறி, இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. பலகையை ஏன் மாற்றினேன் என்று அவள் கேட்கவில்லை. ஒருநாள் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே என் கையைப் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

மகளுடைய கல்யாணம் சுண்ணாம்புக்குளத்து மாப்பிள்ளையோடுதான் நடந்தது. பந்தியில் என்னை உட்காரவைத்து, வேறு யாரையும் பரிமாற விடாமல் அவளே எனக்குப் பரிமாறினாள். அவளுடைய மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நர்சம்மா மேல இன்னா இவ்ளோ பாசம் உனக்கு?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்க மாரிதான்," என்று சொல்லிவிட்டு, என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.