கைப்பிடியைக் கொடுக்காத ஆவுடையக்கா

சுரண்டைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆவுடையக்கா காய்ச்சலில் இறந்துபோன செய்தி வந்தது. சொன்னவர், எங்கள் சினிமாக் கொட்டகையில் முன்பு டிக்கெட் கிழித்த இசக்கி அண்ணாச்சி. பக்கத்தில் நின்ற ஒருவர், பொம்பளைக்கு ஆகாத வேலையைப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்றார். காய்ச்சல் ஆண் பெண் பார்த்து வருவதில்லை என்று அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். அவரைப்போல் நினைக்கிற மற்றவர்களுக்காகவும், அக்காவை அறிந்த உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில், சீசன்தோறும் குற்றாலத்தில் கூடாரம் போட்டுப் படம் காட்டிய கம்பெனியில் நான் படம் ஓட்டினேன். மின்சாரத்துக்கு ஒரு பழைய கப்பல் எஞ்சின் இருந்தது. கப்பலில் விளக்கெரிக்க வைத்திருந்ததை முதலாளி தூத்துக்குடியில் வாங்கி வந்திருந்தார். அதை ஓட்டியவர் அக்காவின் கணவர். பிறகு அவர் கப்பல் வேலைக்குப் போனார். குண்டுபட்டுக் கப்பலோடு மூழ்கினார். கணவருக்குக் கூடமாட நின்று வேலை பழகியிருந்த அக்கா, எஞ்சினை இனி நான் ஓட்டுகிறேன் என்று வந்து நின்றார். முதலாளி சிரித்தார்.

"சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க, நிக்கேன்" என்றார் அக்கா.

வேறு ஆள் கிடைக்காத காலம். முதலாளி சம்மதித்தார்.

அக்கா முதலில் கை வைத்தது, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடுகிற செம்புக் குழாய்களில். வருஷக்கணக்காகக் கடல்தண்ணீர் ஓடி, உள்ளே உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. குழாய்களைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "எண்ணெய் ஊத்த எல்லாருக்கும் தெரியுது. தண்ணி உள்ள போயி வெளிய வருதான்னு பாக்கத்தான் ஆளில்ல" என்பார். காட்சி நடக்கும்போது, வெளியே விழும் தண்ணீரில் அடிக்கடி கையை நீட்டிச் சூடு பார்ப்பார்.

ஒரு சீசனில் அருவியில் வெள்ளம். எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் வாய்க்காலில் சருகும் மணலும் அடித்துக்கொண்டு வந்தன. அன்று மாலைக் காட்சிக்குப் பெரிய பண்ணையார் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பாதிப் படத்தில் தண்ணீர் நூலாக இளைத்தது. அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டார். கூடாரம் இருண்டது. முதலாளி ஓடிவந்து, வாளித் தண்ணீரைக் கொட்டி உடனே ஓட்டச் சொன்னார். அக்கா எஞ்சினைச் சுற்றிவிடும் கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொதிக்கிற இரும்புல பச்சைத்தண்ணி விட்டாப் பொளந்துரும். நான் ஊத்தவும் மாட்டேன், ஊத்த விடவும் மாட்டேன்."

பண்ணையாரே எஞ்சின் கொட்டகைக்கு வந்துவிட்டார். "ஏட்டி, நான் யாருன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும். எஞ்சினுக்குத் தெரியாது."

பண்ணையார் குடும்பத்தோடு வண்டியேறினார். அக்கா தண்ணீர் இழுக்கும் குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றிச் சருகை அள்ளிப்போட்டார். இரும்பு ஆறியபின் எஞ்சினைக் கிளப்பினார். காத்திருந்த ஜனம் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனது.

மறுநாள் முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கினார். அக்கா இல்லாமல் படத்தைத் தொடமாட்டேன் என்று நான் சொன்னேன். இசக்கி அண்ணாச்சி வாசலை விட்டு எழுந்து போய்விட்டார். சில நாள் காட்சியே இல்லை. சாரலில் நனைந்து வந்த கூட்டம் முணுமுணுத்தபடி திரும்பியது. கடைசியில் முதலாளியே குத்துக்கல்வலசையில் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

"எப்பம் நிறுத்தணும்னு நான்தான் சொல்லுவேன். அதுக்குச் சரின்னா வாரேன்."

சரி என்றார் முதலாளி. கம்பெனி கலைகிற வரைக்கும் அந்தப் பேச்சு மாறவில்லை.

இப்போது தென்காசியில் ஒரு தியேட்டரில் வேலை செய்கிறேன். சமீபத்தில் படம் ஓடும்போது ஒயரில் புகை வந்தது. இடைவேளை வரைக்கும் சமாளி என்றார் மேனேஜர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அவர் கத்திக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.