பாயிண்டில் சிக்கிய காகிதம்

பெட்ரோலும் மீன் கவிச்சியும் கலந்த நெடி இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் ஏறினால் என் காது தானாகவே ஒரு மோட்டார்ச் சத்தத்தைத் தேடுகிறது. கல்வராயன் மலையடிவாரத்தில், அணைத் தண்ணீருக்கு அந்தப்பக்கம் எங்கள் வீடு; அப்பா மீன் குத்தகைக்காரரிடம் படகு ஓட்டினார். படகின் பின்புறம் மாட்டியிருந்த, கடலூரில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்ட பழைய மோட்டாருக்கு எங்கள் வீட்டில் "மிசினு" என்று பேர். மழைக்காலம் வந்தால் அதற்குச் சளி பிடித்துவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இருமுமே தவிர ஓடாது.

அப்போதெல்லாம் அப்பா மேல்மூடியைக் கழற்றி, சக்கரத்தில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக, "பாயிண்ட்" என்னும் இரண்டு உலோகப் பொட்டுகளைத் துடைப்பார். அவை தொட்டுப் பிரியும்போதுதான் பிளக்கில் நெருப்புப் பொறி வரும். நடுவில் ஏதாவது நின்றுவிட்டால் மிசின் செத்தது. அவருக்குத் தடித்த விரல்கள் என்பதால் எட்டு வயதிலேயே அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. கெட்டி அட்டையை நடுவில் விட்டு இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, ஆறு மாதத் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகப் படகை விட்டால் வழியில்லை. அணையோ நிரம்பி, உபரித் தண்ணீர் கலிங்கல் வழியே இரைந்து சரிந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் தொடச்சிக் குடு பாப்பா, இன்னா பாத்துக்கினு இருக்குற?" என்று அப்பா அவசரப்படுத்த, கணக்கு நோட்டின் அட்டையைக் கிழிக்க மனமில்லாமல் உள்தாளை மடித்து விட்டேன். இழுத்தபோது அதன் முனை உள்ளேயே கிழிந்து நின்றுவிட்டது. சொன்னால் முதுகில் விழும். சொல்லவில்லை. துண்டு ஓரமாக ஒதுங்கியிருந்ததோ என்னவோ, முதல் இழுப்பிலேயே மிசின் ஓடவும், அம்மாவும் தம்பியும் ஏறிப் போய்விட்டார்கள். நான் கரையில் மிசின் சத்தத்தையே கேட்டபடி நின்றேன்.

நடுத்தண்ணீரில் சத்தம் நின்றது. காற்று படகைக் கலிங்கல் பக்கம் தள்ள, அப்பா துடுப்புப் போட்டுப் பார்த்தார், படகு மசியவில்லை. அடி வாங்கும் பயமெல்லாம் எங்கே போனதோ, கரையோரமாகவே ஓடித் தொண்டை கிழியக் கத்தினேன்: "யப்பா! பாயிண்ட்ல பேப்பரு மாட்டிக்கினு இருக்குது!" மிசின் இரைச்சல் இல்லாததால் அது அவர் காதில் விழுந்தது. அம்மா தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாளாம். அப்பா அதை ஓட்டைக்குள் விட்டுக் கிளறிக் கிளறி எடுத்தாராம். மூன்றாவது இழுப்பில் மிசின் உறுமிய பிறகுதான் நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

சாயந்திரம் திரும்பிய அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். "கையில இருந்த தாளுல மொன கொறையிதுன்னு கரையில இருந்துக்கினே கண்டுபுடிச்சிட்டா பாருங்க எம் பொண்ணு!" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். சாகும்வரை சொன்னார்.

இப்போது அணையைச் சுற்றித் தார்ச்சாலை. ஷேர் ஆட்டோ வீட்டு வாசலுக்கே வருகிறது. படகு இல்லை, மிசின் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா மட்டும் அந்தக் கதையை விடவில்லை. போன வாரம் தம்பி மகளிடம், "உங்கப்பன் உசுரோட இருக்கறான்னா உங்க அத்ததான் காரணம்" என்றாள். குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது. தாள் உள்ளே சிக்கியது படகு கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்பது வாய்வரை வந்தது. அன்றைக்கு மாதிரியே சொல்லவில்லை.