ஒழுக்கசீலரின் நான்கு தொட்டிகள்

வினிகர் தொழிற்சாலையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒழுக்கசீலர். குடிக்காதவர், கோள் சொல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் செய்வார். பீப்பாய்களில் ஒழுக்கு பார்ப்பது அவர் வேலை, அதனால் வந்த பெயர். மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார். எங்கே கசிகிறதோ அங்கே கோரையைத் திணித்து மெழுகு பூசுவார். ஒருமுறை சங்கக் கூட்டத்தில் நான் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து போனார். எதிர்ப்பு தெரிவிக்கிறார் என்று பார்த்தால், மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஆணி வைத்தார்கள். தடியூன்றி நடக்கலாம், குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டின் பின்பக்கம் அந்த அம்மா தன் கையால் போட்ட தோட்டம். மிளகாய், தக்காளி, கீரை, ஓரத்தில் இரண்டு ரோஜா. குனியாமல் எதை நடுவது, எதைக் களை எடுப்பது? செடிகள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த அம்மாவே பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். முதலாளிமார் செய்த கதவடைப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் ஒன்றைப் பார்த்தது அப்போதுதான்.

மகள் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ட் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாட்டவே மாட்டேன் என்றிருந்த அம்மா இப்போது சரி என்றுவிட்டார். ஒழுக்கசீலர் என்னைத் தேடி வந்தார்.

"அங்க போனா இவ கட்டில விட்டு எந்திரிக்க மாட்டா தோழர். சுவத்தையே பாத்துட்டுக் கெடந்து அப்படியே போயிடுவா," என்றார் என்னிடம்.

அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் எவர்சில்வர் தொட்டிகள் வந்து, பழைய பீப்பாய்களை விறகுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேட்டு வாங்கி இரண்டை வண்டியில் ஏற்றிவந்தார்.

"செடி தரையில இருந்தாத்தானே குனியணும்? இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வச்சிட்டா?" என்றார். நல்ல யோசனைதான். நான்கூடப் பாராட்டினேன், எனக்கு அது சுலபமாக வராது.

பீப்பாயை ரம்பத்தால் நடுவில் அறுப்பதற்கு முன்பு, இரும்பு வளையங்களை ஒவ்வொரு பலகையோடும் சேர்த்து ஆணி அடித்தார். இல்லாவிட்டால் அறுத்ததும் பலகை பலகையாகப் பிரிந்து விழும். நான்கு அரைப்பீப்பாய்கள் கிடைத்தன. வினிகர் வாடை போகும்வரை தண்ணீரை ஊற்றி ஊற்றி மாற்றினார். உள்ளே இருந்த இண்டு இடுக்கையெல்லாம் மெழுகால் பூசினார். செங்கல்லை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் இடைவெளி விட்டு, மேலே தொட்டிகளைத் தூக்கி வைத்து மண் நிரப்பினார். பிறகு பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தார்.

அந்த அம்மா தடியூன்றி வாசற்படிவரை வந்து பார்த்தார். மெதுவாக இறங்கித் தொட்டியருகே வந்தார். தடியைச் சுவரில் சாய்த்தார், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், மண்ணுக்குள் கையை விட்டார்.

"நாத்து எங்க?" என்றார்.

மகளுக்கு ஃபோன் போட்டு, கூட்டிப்போக வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னார்கள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வெயில் வந்தபோது நாற்றுகள் மஞ்சளடித்துத் தலை சாய்ந்திருந்தன. உரம் போட்டுப் பார்த்தார்கள். இன்னும் மோசமானது. அம்மா ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் கூழாக வந்தது. அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

"ஏங்க, அடியில ஓட்டை போட்டீங்களா?"

"ஓட்டையா?" கெட்ட வார்த்தையைக் கேட்டது போலத் திடுக்கிட்டார். "ஒரு சொட்டு வெளிய வராது. அப்படி அடைச்சிருக்கேன்."

"அய்யோ! தண்ணி வடிய வேணாமா? செடிய முக்கிக் கொன்னுட்டீங்களே!"

"ஓட்டை போட்டா அது பீப்பாயா?"

"பீப்பாய யாரு கேட்டா? செடிக்கு வேண்டியது தொட்டி!"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒழுக்கம் முத்திப்போனா இப்படித்தான்," என்றேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

அம்மா தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் மகளை அழைத்தார். "ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போ பாப்பா. எனக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டு உறவு அவ்வளவுதான்."

ஒழுக்கசீலர் அடுத்த தெருத் தச்சரிடம் போய், கையால் சுற்றித் துளை போடும் கருவியை வாங்கிவந்தார். செங்கல் இடைவெளியில் மல்லாக்கப் படுத்தார். முனையைப் பலகையில் வைத்தார். வைத்தவர் வைத்தபடியே கிடந்தார். சுற்றவில்லை. காலத்துக்கும் ஒழுக்கை அடைத்த கை அது. நான் திட்டினேன், கெஞ்சினேன். "இரு தோழர், இரு தோழர்" என்பதைத் தவிரப் பேச்சில்லை.

உள்ளேயிருந்து தடியின் சத்தம் கேட்டது. அம்மா வாசற்படியில் வந்து நின்றார். கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார்.

"என்ன, அங்கயே குடித்தனமா?"

தடியால் படியில் ஒரு தட்டு தட்டினார்.

"ஏங்க, என் எலும்புலயே ஓட்டை போட்டுத்தானே ஆணி வச்சாங்க? நான் என்ன உடைஞ்சா போயிட்டேன்? உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

கீழே கால்கள் இரண்டும் மடங்கித் தரையில் ஊன்றிக்கொண்டன. பிறகு மரம் கரகரவென்று துளைபட்டது. திடீரென்று கறுப்புத் தண்ணீர் கொட்டி அவர் மூஞ்சியெல்லாம் நனைந்தது. துப்பிக்கொண்டே கட்டை விரலால் ஓட்டையை அடைத்தார், பழக்கம்.

"கைய எடுங்க!" என்று அதட்டினார் அம்மா. எடுத்தார்.

நான்கு தொட்டிக்கும் துளை போட்டு, அழுகிய மண்ணை அள்ளிக் கொட்டி, அடியில் உடைந்த செங்கல் பரப்பிப் புது மண் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மகள் வாடகைக் காரோடு வந்து இறங்கினாள். அம்மா முழங்கைவரை மண்ணோடு தொட்டியருகே நின்றிருந்தார்.

"பெட்டி எங்கம்மா?"

"எந்தப் பெட்டி?"

"நீதானேம்மா வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்பத்தான் புதுசா நட்டிருக்கு. வேர் பிடிக்காம எப்படி விட்டுட்டு வர்றது?"

"சரி, வேர் பிடிச்சதும் வர்றியா?"

"காய்க்க வேணாமா?"

"காய்ச்சதும்?"

"அடுத்த நாத்து யாரு விடுவா? உங்கப்பாவா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "என்னைய ஏன் பாக்கிற? நான் சொல்லி இந்த வீட்ல எது நடந்திருக்கு?" என்றார் ஒழுக்கசீலர். அவர் முகத்தில் இருந்த சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

மகள் வெளியே போய் காரை அனுப்பிவிட்டு வந்தாள். பூவாளியை எடுத்து ஊற்றத் தொடங்கினாள்.

"இலை மேல ஊத்தாதடி, அடியில ஊத்து," என்றார் அம்மா.