மூக்குக்கு ஒரு கட்டம்

அப்பாவின் வேலையை அம்மா ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: "கட்டத்துக்குக் கலர் அடிக்கிறார்." தப்பில்லை. முதலில் டைல்ஸ் கடையில் குளியலறைத் தரைகளுக்கு அடித்தார். பிறகு வீட்டிலிருந்தபடியே ஒரு கேம் கம்பெனியில், பழைய பாணி வீடியோ கேம்களுக்கு பிக்சல் ஆட்களை உருவாக்கினார். அகலம் பதினாறு கட்டம், உயரம் பதினாறு கட்டம். அதற்குள் ஓர் ஆள் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், அடி வாங்கிச் சாக வேண்டும்.

பெரும்பாலும் செத்தது அம்மாதான். சூனியக்காரி, கடைக்காரி, கோட்டைக் காவல்காரி, எல்லோருக்கும் அவள் கொண்டை.

"மூக்குக்கு ஒரே ஒரு கட்டம்தானா?"

"இருக்கிறதே பதினாறு. மூக்குக்கு ரெண்டு குடுத்தா வாய்க்கு எங்க போறது?"

"வாய்க்கு மட்டும் தாராளமா மூணு குடுத்திருக்கீங்க!"

"உள்ளதைத்தானே வரைய முடியும்?"

அன்று அவருக்குக் காபி வர வெகுநேரம் ஆனது.

ஆனால் அம்மா பார்க்காமல் எந்த ஆளும் வீட்டைவிட்டுப் போனதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் சமையலறை வாசலில் நிற்க வேண்டும். அங்கிருந்து அவளுக்குத் திரையில் தெரிவது வெறும் கலர்க் குழப்பம். அதிலும் "திருடன்", "டாக்டர்" என்று அவள் சொல்லிவிட்டால் ஆள் தேறிவிட்டான். ஒருமுறை ராஜாவைப் பார்த்து "கேஸ் சிலிண்டர்" என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே ராஜாவை அழித்தார்.

மகள் அதே கம்பெனியில் புரோகிராமர். அப்பா வரைந்தவர்களை நடக்கவும் தாவவும் வைப்பது அவள் வேலை.

போன மாதம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் கடைசியாக வரைந்த தபால்காரர் வலப்பக்கம் மட்டுமே நடந்தார். அந்த கேமில் வலப்பக்கம் போனால் ஊர், இடப்பக்கம் வந்தால் வீடு. வீட்டுக்கு வரும் நடையை அப்பா தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை கேம் வெளியாக வேண்டும்.

"வலதை அப்படியே இடதா புரட்டிப் போட்டுடும்மா," என்றார் முதலாளி. "எல்லாருக்கும் அப்படித்தானே செய்யறோம்? இல்லன்னா தபால்காரரையே தூக்கிடலாம். தப்பா எடுத்துக்காத."

தூக்குவதா? அப்பா கையிலிருந்து வந்த கடைசி ஆள். மகள் புரட்டிப் போட்டாள். பழக்கதோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள்.

தபால்காரர் வலப்பக்கம் நடந்தார்.

"உங்கப்பா," என்றாள் அம்மா.

"தபால்காரர்மா."

"யாரா வேணா இருக்கட்டும். நடை உங்கப்பாது."

இடப்பக்கம் நடந்தார்.

"இது வேற யாரோ."

மகள் படத்தைப் பெரிதாக்கினாள். நடையின் நான்கு படங்களில் ஒன்றில் இடது கால் ஒரு கட்டம் பின்தங்கியிருந்தது. கைப்பிழை என்று நினைத்திருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு அப்பா இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். ஊரையெல்லாம் வரைந்தவர் சத்தமில்லாமல் தன்னையும் வரைந்திருக்கிறார். படத்தைப் புரட்டியதில் இழுக்கும் கால் வலதாக மாறிவிட்டது.

புதிதாகத்தான் வரைய வேண்டும். மகளுக்கோ கோடு கிழித்தால் கோழி கிறுக்கியது போலிருக்கும். ஆனாலும் உட்கார்ந்தாள்.

"குடிகாரன்," என்றாள் அம்மா வாசலிலிருந்து.

ஒரு கட்டத்தை அழித்தாள்.

"கால்ல முள்ளு குத்தின ஆளு."

"அம்மா!"

"நான் என்னடி பண்ண? தெரியறதைத்தானே சொல்றேன்."

வியாழக்கிழமை மத்தியானம், பாதத்தை ஒரு கட்டம் முன்னே தள்ளி, முழங்காலின் நிறத்தை ஒரு சாயல் குறைத்தாள். தபால்காரர் இடப்பக்கம் நடந்தார். மகள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அம்மா?"

"வர்றார்," என்றாள் அம்மா.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, திரையில் முகம் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அவருக்கும் மூக்குக்கு ஒரே கட்டம்தானா?"

"ஒண்ணுதான்மா. அவரே வச்சது."

"நல்லா வேணும்," என்றாள் அம்மா.