ஆமத்தூர்ச் சாலையில் கயிறு கட்டி இழுத்த வண்டி

பாற்கடலில் பாம்பணை மேல் கண்வளரும் பெருமானே, உறங்குவதுபோல் இருந்து அனைத்தையும் அறிபவனே, அடியேன் எழுதப் புகுவதில் சினமும் பழியும் கலவாமல் காத்தருள்க. நெஞ்சு நடுங்கும் இடங்களில் என் கையைப் பிடித்துக்கொள்க.

இன்று ஆவணித் திருவோணம். திருமால் அடியார்க்கு மிக உகந்த நாள். விடியலில் சிவகாசியில் எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் கோஷ்டியோடு நின்று பாசுரம் சேவித்து, துளசித் தீர்த்தம் பெற்று வந்து இதை எழுத அமர்ந்தேன். எழுதப்போவது ஒரு பழைய வண்டியின் கியர் பெட்டியைப் பற்றியும் என் மனைவியைப் பற்றியும். இரண்டையும் பிரித்து எழுத எனக்கு இயலவில்லை.

எங்கள் மகள் வெளிநாட்டில் குடியேறியபோது தன் வண்டியை எங்களிடம் விட்டுச் சென்றாள். உயரமான பழைய எஸ்.யு.வி. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேடிக். இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டவன் நான். அந்த ஒரு வண்டியைத்தான் என்னால் ஓட்ட முடிந்தது.

பின்னர் என் மனைவிக்கு முதுகெலும்பில் நோய் கண்டது. புற்று என்று மருத்துவர் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்தாளே தவிர மருத்துவரைப் பார்க்கவில்லை. குனிவதும் ஏறுவதும் அவளால் ஆகாத காரியங்கள் ஆயின. இந்த வண்டியின் முன் இருக்கை மட்டும் சரியாக அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. கதவைத் திறந்து, அவளைத் திருப்பி நிறுத்தினால், கட்டிலில் அமர்வதுபோல் அமர்வாள். கால்களை நான் தூக்கி உள்ளே வைப்பேன். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும் தைத்துப் போட்டிருந்தோம். அதில் சாய்ந்தால் வலி சற்று அடங்கும் என்பாள்.

அவள் பிறந்த ஊர் திருவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேரை ஒருமுறையேனும் மறுபடி பார்க்கவேண்டும் என்பதே அந்த ஆண்டில் அவள் கேட்ட ஒரே வரம். ஆம்புலன்ஸில் அழைத்துப் போகலாமே என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். என் மனைவி ஒப்பவில்லை.

“படுத்துக்கிட்டுப் போயி தேர் பாக்கவா? உக்காந்து பாக்கணும். இல்லேன்னா வேணாம்.”

ஆகவே அந்த வண்டி எங்களுக்கு வெறும் வண்டியாக இருக்கவில்லை.

ஆனி மாதத்தில் அது சில குறிகளைக் காட்டியது. கியரை நிறுத்தத்திலிருந்து ஓட்டத்துக்கு மாற்றினால் உடனே இழுக்காமல், ஒரு மூச்சு விட்டுத் தயங்கி, பிறகு வெடுக்கென்று நகரும். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் இரையும், வேகம் கூடாது. மெல்லிய தீய்ந்த வாடையும் வந்தது. ஆனால் வருடம் முழுக்கப் பட்டாசு மருந்து நெடி வீசும் ஊரில் யாரும் தீய்ந்த வாடைக்கு மூக்கைத் திருப்புவதில்லை. வண்டிக்கு அடியில் செம்பழுப்புச் சொட்டுகளும் கிடந்தன. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எதிர்வீட்டு அம்மாள் ஆரத்தி சுற்றி வண்டிக்கு முன்னால் ஊற்றுவார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் செந்நீரின் கறை எங்கள் வாசலில் எப்போதும் உண்டு. சொட்டுகள் ஆரத்தியில் மறைந்துபோயின.

தயக்கம் கூடியதும் விருதுநகரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நடுவயதுக்காரர், வெற்றிலைச் சிவப்பான வாய். அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்.

“பாருங்க ஐயா, இந்த ஆயிலு என் வாய் மாதிரி செக்கச்செவேல்னு இருக்கணும். இது காப்பித்தண்ணி மாதிரி இருக்கு. மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். அடுப்பில் அடிப்பிடித்த பால்போல இருந்தது.

“டிரைவுக்கு மாத்துனதும் வண்டி சட்டுன்னு ஒரு இழுப்பு இழுக்கணும். யோசிச்சு யோசிச்சு இழுத்தா, உள்ள ஆயிலு குறையுதுன்னு அர்த்தம். இந்தா, ஆயிலச் சூடாறவைக்கிற குளுத்திக்குப் போற ரப்பர் குழாயி கசியுது. குழாய மாத்தி ஆயில மாத்துனா ஆயுசு இருக்கு. அம்புட்டுதான்.”

குழாய் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார். அதுவரைக்கும் குறைந்த எண்ணெயை நிரப்பிக் கொடுத்தார். மெதுவாக ஓட்டவும், முன்னோக்கியும் பின்னோக்கியும் மாற்றும்போது வண்டி முழுதும் நின்ற பிறகே மாற்றவும் சொன்னார். அப்படியே செய்தேன். மனம் நிம்மதியாயிற்று.

ஆடி பிறந்தது. தேருக்குச் சில நாள்கள் இருக்கையில் விருதுநகர் மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் சோதித்துவிட்டு, “கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க, தள்ளிப் போடாதீங்க” என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்கும். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அவள், தேரன்று எந்தப் புடவை, எந்த வீதியில் வண்டியை நிறுத்தினால் நிலைக்கு வரும் தேர் தெரியும் என்றே பேசிக்கொண்டு வந்தாள்.

ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசு கம்பெனி வாசலுக்கு நேராக வண்டி நின்றது. எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. இறங்கிப் பார்த்தேன். குழாய் வாய் பிளந்து, வழிநெடுகச் செம்பழுப்பாய் எண்ணெய்க் கோடு.

கம்பெனிக் காவலர் ஓடிவந்தார். “ஐயா, எஞ்சின அமத்துங்க, அமத்துங்க. இங்கன சூட்டோட நிக்கக் கூடாது. உள்ள மருந்து கிடக்கு.”

அணைத்துவிட்டேன். மாலை வேலை விட்ட நேரம். பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கைகளில் அலுமினியச் சாயம், தோளில் சாப்பாட்டுக் கூடை. பட்டாசுக் கட்டடங்களுக்கு அருகே எந்த வண்டி நின்றாலும் ஒருவரும் யாரையும் கேளாமல் கை வைத்துத் தள்ளிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். எஞ்சினை இயக்கச் சொல்லமாட்டார்கள், ஆளைக் கூட்டுவார்கள். லோடு வேன் ஓட்டும் ஒருவர் தாம்புக் கயிற்றை எடுத்துவந்து முன்பக்கக் கொக்கியில் முடிந்தார். பெண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். முதிய ஒருத்தி சன்னல் வழியே எட்டி என் மனைவியைப் பார்த்தாள்.

“அம்மா, மேலுக்கு முடியலையா? இறங்க வேணாம், அப்படியே இருங்க. சாஞ்சு உக்காருங்க. தேரு கிளம்பப் போவுது.”

“தேருக்கு வடம் பிடிக்கறதுக்கு எம்புட்டுக் கூலி?” என்று கேட்டாள் என் மனைவி.

“கூலியா? சாமி பேசுதுடி. கூலிக்குப் பதிலா சாமிக்குச் சுண்டல் குடுக்கத் தெரியாதாக்கும்?” என்றாள் முதியவள்.

“ஐயா ஓட்டுறதுக்கு நாம இழுக்கறதே வேகமா இருக்குக்கா” என்றாள் இன்னொருத்தி.

என் மனைவி சிரித்தாள். வாய் விட்டு, தோள் குலுங்க, வலியை மறந்து சிரித்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கட்டடங்களைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் ஊர்ந்தது.

அங்கே கயிற்றை லோடு வேனின் பின்னால் கட்டினார் டிரைவர். “சிவகாசி தானே, நான் அந்தப் பக்கந்தான் போறேன். நியூட்ரல்ல போடுங்க, இழுத்துட்டுப் போய் உங்க வாசல்ல விட்டுருதேன். அம்மாவ எதுக்கு ரோட்டுல வச்சுக்கிட்டு?” காசு நீட்டினேன், வாங்கவில்லை. தீபாவளிச் சீசன் நேரம், அவருக்கு லோடு காத்திருந்தது. ஆயினும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்து, அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டே போனார்.

மறுநாள் மெக்கானிக் புதிய குழாயோடு வந்தார். மாட்டி, எண்ணெய் நிரப்பி, எஞ்சினை இயக்கினார். உள்ளே கல் அரைபடுவதுபோல் ஓசை. வண்டி நகரவில்லை. அவர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். அதில் உலோகப் பொடி மின்னியது.

“எப்படி வீட்டுக்குக் கொண்டாந்தீக?”

சொன்னேன். அவர் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

“கையால தள்ளுனது ஒண்ணும் செய்யல ஐயா. வேன்ல இழுத்தது தான். சக்கரம் சுத்துனா உள்ள கியர் பெட்டியும் சுத்தும். எஞ்சின் ஓடுனாத்தான் பம்பு ஆயில அனுப்பும். ஆயிலும் இல்ல, பம்பும் ஓடல. அம்புட்டுத் தூரமும் காஞ்ச இரும்பா உரசிக்கிட்டு வந்திருக்கு. கிளட்ச் வச்ச கியர் வண்டின்னா கயிறு கட்டலாம். இத நாலு சக்கரமும் தரையில படாம லாரியில ஏத்தித்தான் கொண்டாரணும்.” பிறகு தணிந்த குரலில், “நானும் தொழிலுக்கு வந்த புதுசுல ஒண்ண இழுத்துக் கெடுத்திருக்கேன்” என்றார்.

பழைய வண்டி; அந்தப் பெட்டி எங்கும் இருப்பில் இல்லை. கோவை, சென்னை என்று அவர் பேசிக்கொண்டேயிருந்தார். தேருக்கு முன் கிடைக்காது என்பது உறுதியாயிற்று.

வாடகைக்கு ஓர் உயரமான வண்டியை வரவழைத்தேன். அதன் இருக்கை இன்னும் உயரம். படியில் கால் வைத்து ஏறவேண்டும். இருவர் தூக்கி அமர்த்தினோம். தெருமுனை திரும்புவதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பற்றினாள். உதடு வெளுத்திருந்தது. “வேணாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள். வேறொரு தாழ்ந்த கார் வந்தது. அதைப் பார்த்ததுமே வேண்டாமென்று தலையை அசைத்துவிட்டாள்.

ஆடிப்பூரத்தன்று காலையில் அவளைக் குளிப்பாட்டி, தேருக்கென்று எடுத்துவைத்த அரக்குப் புடவையை உடுத்தி, கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தேன். தொலைக்காட்சியில் தேரைக் காட்டுகிறார்கள், போடட்டுமா என்றேன்.

“வேணாம். நீங்க பாடுங்க. எனக்கு வடம் பிடிக்கிற சத்தம் தெரியும். மத்தத மனசுல நானே வச்சுக்கிடுவேன்.”

சிறுவயது முதல் நாவில் நின்ற பாசுரங்கள். உறக்கத்தில் எழுப்பினாலும் அடி தவறாமல் சொல்வேன் என்று கோஷ்டியில் எனக்குப் பேர் உண்டு. அன்று மூன்றாம் பாசுரத்தில் குரல் நின்றது. சொல் மறக்கவில்லை, குரல்தான் வரவில்லை. அவள் கண்களை மூடியபடி மீதியை உதட்டால் சொல்லி முடித்தாள். “தேரு நிலைக்கு வந்திருக்கும்” என்றாள், நெடுநேரம் கழித்து.

ஆவணி பிறப்பதற்கு முன் அவள் கண்மூடித் திருநாடு அலங்கரித்தாள். புதிய கியர் பெட்டி அதற்குப் பின்புதான் வந்தது. மெக்கானிக் அதை மாட்டிவிட்டு, தேநீரும் அருந்தாமல் போனார்.

துக்கம் விசாரிக்க அந்தக் கம்பெனிப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். லோடு வேன் டிரைவரும் வந்தார். “அன்னைக்கு நல்லபடியா வீடு சேத்தோம். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சே” என்று முதியவள் அழுதாள். நான் அவளைக் கும்பிட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். அவர்கள் செய்தது அன்பு; அதன் கணக்கை அவர்கள் தலையில் ஏற்றுவது அடியார்க்கு அடுக்காது.

ஆண்டொன்று கடந்தது. சென்ற வாரம் சாத்தூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பழைய ஆட்டோமேடிக் வண்டி நின்றிருந்தது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். முன்னால் குனிந்து கயிறு முடிந்துகொண்டிருந்தவர் அதே லோடு வேன் டிரைவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“ஐயா, நல்லா இருக்கீகளா? உங்க வண்டி மாதிரியே ஒண்ணு. இழுத்துட்டுப் போய் விட்டுரலாம்.”

பேசாமல் போனால் அந்தப் பெண்ணின் வண்டி போகும். பேசினால் இந்த மனிதரின் மனம் போகும். வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். பிறகு கயிற்றின் மேல் கை வைத்தேன்.

“இந்த வண்டிய இழுக்கக் கூடாது. சக்கரம் தரையில படாம லாரியில ஏத்தணும். இழுத்தா உள்ள பெட்டி எரிஞ்சிரும்.”

அவர் நிமிர்ந்தார். என் முகத்தை, என் வண்டியை, மறுபடி என் முகத்தைப் பார்த்தார். கயிற்றின் முனை கையிலிருந்து நழுவியது.

“அப்ப அன்னைக்கு… அம்மா வாசல்ல இறங்கும்போது தேருக்குப் போகணும்னு சொன்னாங்களே. போனாங்களா ஐயா?”

பொய் சொல்ல நாவு எழவில்லை. “இல்ல” என்றேன்.

அவர் சாலையோரக் கல்லில் அமர்ந்து, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் அருகில் அமர்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, அமர வெகுநேரமாயிற்று.

“அன்னைக்குத்தான் அவ சிரிச்சா. நீங்க எல்லாரும் வடம் பிடிச்சப்ப. அதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கல” என்றேன். உண்மையில் அதற்கு முன்னும் பல மாதமாகப் பார்த்திருக்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. ஆனால் ஒரு கையைத் தலையிலிருந்து எடுத்து என் கையைப் பற்றிக்கொண்டார். லாரி வந்து அந்த வண்டியை ஏற்றும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

இதைப் படிக்கும் அனைவரும் நலமுடன் வாழ்க. உங்கள் வண்டிகள் உரிய காலத்தில் உங்களை உரிய இடத்தில் சேர்ப்பதாக. நீங்கள் பார்க்க விரும்பியதை, அமர்ந்தபடி, அருகில் அன்பானவர் இருக்க, கண்ணாரப் பார்ப்பீர்களாக. உங்களுக்கு உதவ வருகிற கைகள் எந்நாளும் வலியறியாதிருக்க, திருவோணத்தான் திருவடி துணை நிற்பதாக.